படிவத்தைத் தங்கச்சியிடம் கொடு

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே மழை நின்றும் தெருவில் தண்ணீர் வடியவில்லை. மற்றபடி நலம்.

முன்னாள் படைவீரர் நலத்திட்டங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்டு வந்த படிவத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எனக்கும் வந்தது. கேன்டீனுக்கு ஐந்து, பென்ஷனுக்கு ஐந்து, மருத்துவத்துக்கும் ஐந்து என்று போட்டுக்கொண்டே போனேன். காசிமேட்டில் வாங்கி வந்த சங்கராவை ஆய்ந்துகொண்டிருந்த உன் தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். "மருத்துவத்துக்கு அஞ்சா? போன மாசம் சர்க்கரை மாத்திரைக்கு நான் எத்தனை வாட்டி அலைஞ்சேன்?"

மூன்று வாட்டி. மூட்டுவலியோடு இரண்டு பஸ் மாறி நம் பாலிகிளினிக்குக்குப் போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, மதியம் கவுன்டரில் சீட்டை நீட்டினால் அந்த மாத்திரைக்கு நேராக 'என்.ஏ.' (இருப்பில் இல்லை) என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுவதால் எனக்கு இது உறைக்கவே இல்லை.

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம், இ.சி.எச்.எஸ்., வந்ததால்தான், ஒருமுறை பணம் கட்டியதோடு ஆயுள் முழுக்க நமக்கும் மனைவிக்கும் வைத்தியம் என்றானது. எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது கையிலிருந்து பத்துப் பைசா போகவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறவர்கள், மாத்திரை கைக்கு வந்ததா என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

நம்மிடம் கேட்டால் உண்மை வராது மச்சான். தர்பாரில், அதுதான் யூனிட் கூட்டத்தில், கமாண்டிங் ஆபீசர் சி.ஓ. சாப் "கோயி தக்லீஃப்?" (ஏதாவது கஷ்டமா?) என்றதும் மொத்த யூனிட்டும் "நஹீ சாப்!" (இல்லை ஐயா!) என்று கத்துவோமே. உன் மனைவி, என் தங்கச்சி, தலைப்பிரசவத்துக்குத் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், நீயும் என் பக்கத்தில் நின்று அப்படித்தான் கத்தினாய். அந்தப் பழக்கம் இன்னும் என் பேனாவில் இருக்கிறது.

அப்புறம், எங்கள் தெருக்கோடிப் பையன் நாலு வருட ராணுவ வேலையான அக்னிவீரனாகப் போயிருக்கிறான். அதோடு திரும்பினால் பென்ஷனும் இல்லை, இந்தக் கார்டும் இல்லை. அவன் அம்மாவிடம் எந்தப் படிவம் போகும்? அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

என் படிவத்தில் போட்டதை அடித்துவிட்டு உன் தங்கச்சியிடமே கொடுத்தேன். மருத்துவத்துக்கு இரண்டு போட்டாள். கீழே இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். உன்னுடையதையும் என் தங்கச்சியிடம் கொடு. அவள் எழுதும்போது பக்கத்தில் உட்காராதே.

அன்புடன்,
உன் மச்சான்