செயலாளர் அறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களே, போசகர்களே, உறுப்பினர்களே,

கடந்த ஆண்டில் எமது சனசமூக நிலையத்தின் நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. இரண்டு தடவை நிறைவெண் இல்லாமல் கலைந்தது. வாசிகசாலைக் கூரையின் ஒழுக்கு அடைக்கப்பட்டது. சந்தா நிலுவையைப் பற்றிப் பொருளாளர் சொல்வார்; நான் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

மிகுதி இடத்தை ஒரு பின்னேரத்துக்கே ஒதுக்குகிறேன்.

2024 நவம்பர் கடைசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகின. டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். அது எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும்வரை ஊரில் உலாவாத கதை இல்லை. அந்த நாள்களில் என் தம்பியும் வயலுக்குப் போய்வந்து காய்ச்சலோடு படுத்தான். மூன்றாம் நாள் ஓர் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்தோம். ‘இல்லை’ என்று துண்டு வந்தது. அதை நம்பி இரண்டு நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் சிறுநீர் குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான்.

தைப்பொங்கலுக்கு ஊர் வந்திருந்த எமது மூலக்கூற்று உயிரியலாளரிடம் இதைச் சொன்னபோது, “எந்த நாளில் எந்தச் சோதனை, அண்ணை?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே வாசிகசாலையில் ஒரு கூட்டமாக வளர்ந்தது. தன் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்றார். போடவில்லை, ஊரில் யாருக்குத் தெரியாது?

ஜாம் போத்தல் விளக்கில் படித்து, 1995 இடப்பெயர்வில் தாவரவியல் கொப்பியைத் தொலைத்தவர். பிறகு வெளிநாட்டில், காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அதன் மரபணுவைக் கொண்டு அடையாளம் காணும் ஆய்விலேயே இருபது ஆண்டுகளாக இருக்கிறார். தன் பெருமை பேச மறுத்துவிட்டு, ஒரு சுளகும் கொஞ்சம் நெல்லும் கேட்டார்.

பிள்ளைகள் ஒரு நெல்லை வைத்தார்கள். பிறகு இரண்டு, நான்கு, எட்டு. பத்தாம் இரட்டிப்பில் 1024. எண்ணி எண்ணிப் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் களைக்காது, முப்பது சுற்றில் ஒரு மரபணுத் துண்டை 107 கோடிக்கு மேலாக்கிவிடும். ஆயிரம் நெல் 25 கிராம் என்று வைத்தால் அது 26 தொன்னுக்கு மேல் என்று எமது கணக்காய்வாளர் அங்கேயே கணக்குப் போட்டார். கண்ணுக்குப் படாத கிருமி அப்படித்தான் அகப்படுகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் கொதிநிலைக்குக் கிட்டச் சூடாக்க வேண்டும். அதைத் தாங்கும் நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் வாழும் ஒரு பக்றீரியாவிலிருந்து கிடைத்ததாம். “எங்கள் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் இருக்குமோ, பிள்ளை?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “கன்னியாவில் நாங்கள் குளிக்கிறோம், ஐயா. அந்தப் பக்றீரியாவுக்கு 70 பாகை வேண்டும், அதில் இறங்கினால் அவிந்துபோவோம்” என்றார். சபை சிரித்து அடங்கச் சற்று நேரம் எடுத்தது.

எனக்கு உறைத்தது அதற்குப் பிறகு சொன்னதுதான். எலிக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் முதற் கிழமையில்தான் குருதியில் அகப்படும். கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரி தெரிய ஒரு கிழமையளவு செல்லும். அதைத் தேடும் சோதனையை மூன்றாம் நாளில் செய்தால் ‘இல்லை’ என்றுதான் வரலாம். டெங்குவிலும் முதல் நாள்களுக்கு ஒரு சோதனை, பிந்திய நாள்களுக்கு வேறொன்று. தம்பியின் துண்டை வாங்கிப் பார்த்தவர், பிறபொருளெதிரிச் சோதனையின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

டெங்கு வைரசில் நான்கு வகை. அதன் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 10,700 எழுத்துகள், அதாவது மரபணுவை ஆக்கும் அலகுகள். கொரோனாவினதில் 30,000 அளவில். 2020 ஜனவரியில் அந்த எழுத்துவரிசை வெளியானதும், வைரஸ் கையில் கிடைக்கும் முன்பே சோதனையை வடிவமைத்தார்களாம். இந்தப் பகுதி சற்று நீண்டது. பின்வரிசையில் இருவர் தூங்கினார்கள். அவர்களில் ஒருவர் உப தலைவர்.

இப்போது வாசிகசாலைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு போங்கள், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விதைப்புக்கு முன் தடுப்பு மாத்திரை பற்றிப் பேச வரும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

கூட்டம் முடிந்து தேநீருக்குப் போய் வருவதற்குள் சுளகு நெல்லைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்றுவிட்டன. கணக்கறிக்கையில் ‘நெல், ஒரு கொத்து, அன்பளிப்பு’ என்று இருப்பது அதுதான்.

செயலாளர்