மெர்னெப்தாவின் கல்லில் ஒரு வரி

அன்பு மகனுக்கு,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எகிப்தில் இஸ்ரவேலர் அடிமைகளாயிருந்ததற்கு ஓர் ஓட்டுத்துண்டு கூட அகப்படவில்லையே, பிறகு அவர்கள் அங்கிருந்து புறப்பட்டதைச் சொல்லும் வேதப் புத்தகமான யாத்திராகமத்தை நடந்த கதையாக ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாய். உன்னை மடியில் வைத்து அதை வாசித்துக் காட்டியவன் நான் என்பதால், பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

மோசேயின் பெயரோ, 6,00,000 புருஷர் புறப்பட்ட செய்தியோ எந்த எகிப்தியக் கல்வெட்டிலும் இல்லை. அத்தனை பெரிய கூட்டம் சீனாயில் தங்கிய தடயமும் இல்லை. இதை மறைத்துப் பேசுவது வேதத்துக்குச் செய்யும் நன்மை என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இஸ்ரவேலர் குடியிருந்ததாக வேதம் சொல்லும் கோசேன் எப்படிப்பட்ட மண் என்று எண்ணிப்பார். நைல் கழிமுகத்தின் கிழக்கே, ஆண்டுதோறும் வெள்ளம் ஏறிய ஈர வண்டலில், சுடாத செங்கல் சுவர் கரைந்துவிடும், பாப்பிரஸ் ஏடு மக்கிவிடும். அவர்கள் கட்டியதாக யாத்திராகமம் சொல்லும் ராமசேஸ் பட்டணமே, நைலின் கிளை தூர்ந்து கைவிடப்பட்ட பின் அதன் கற்களும் சிலைகளும் தானிஸ் என்ற வேறொரு நகரத்துக்குப் பெயர்க்கப்பட்டதால், அறிஞர்கள் நெடுங்காலம் தானிஸையே ராமசேஸ் என்று எண்ணியிருந்தார்கள். உண்மையான நகரம் கான்திர் கிராமத்து வயல்களுக்கு அடியில் கிடந்தது. பார்வோனின் பட்டணத்துக்கே இந்தக் கதி என்றால், அவனுக்காக மண் மிதித்தவனின் குடிசையை எங்கே தேடுவது?

இருந்தும் அந்த வேலையைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. தெற்கே தேபஸ் நகரில், மூன்றாம் துத்மோஸ் என்ற பார்வோனின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், மரங்கள் சூழ்ந்த குளத்தில் குடத்தால் நீர் மொள்கிறார்கள்; ஒருவன் மண்வெட்டியால் சேறு குழைக்கிறான்; இன்னொருவன் குனிந்து மர அச்சில் செங்கல் அறுக்கிறான்; பக்கத்தில் கோலோடு மேற்பார்வையாளன். அவர்கள் நூபியாவிலிருந்தும் சிரியாப் பக்கத்திலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள். இஸ்ரவேலர் என்று எங்கும் எழுதியில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆயினும் யாத்திராகமத்தில் வேலைவாங்கும் ஆளோட்டிகளையும் செங்கலுக்கான வைக்கோலையும் எழுதியவன் இந்தச் சேற்றை அறிந்த மரபிலிருந்து வந்தவன் என்று எனக்குத் தோன்றுகிறது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸின் அடிமைப் பட்டியலில், ஏறக்குறையப் பாதிப் பெயர்கள் எபிரேயத்தின் இனமான செமிட்டிய மொழிப் பெயர்கள். அவற்றுள் ஒன்று, காலத்தால் மிக முந்தியதானாலும், யாத்திராகமத்தில் வரும் எபிரெய மருத்துவச்சி சிப்பிராளின் பெயரை ஒத்தது.

ஒரு சிறு கூட்டம் அங்கிருந்து தப்பி வந்து கானானில் மற்றவர்களோடு கலந்தது, அவர்கள் நினைவே பின்னர் ஒரு ஜனத்தின் முழு நினைவாயிற்று என்று நான் நம்புகிறேன். எண்ணிக்கைக்காக உன்னோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை.

நீ வேலையாகக் கெய்ரோ போவதாகச் சொன்னாயே, அங்கே மெர்னெப்தா என்ற பார்வோனின் கல்வெட்டுக் கல்லைத் தேடிப் பார். 1896இல் அகழாய்வாளர் பிளிண்டர்ஸ் பீட்ரி தேபஸில் கண்டெடுத்தது. மூன்று மீட்டருக்கும் உயரம். கி.மு. 1208ஐ ஒட்டிய அந்தக் கல், பெரும்பாலும் லிபியரை வென்ற பெருமையைப் பேசிவிட்டு, கடைசியில் கானானுக்கு வருகிறது. அந்தப் பட எழுத்தில் அஸ்கலோன், கேசேர் என்ற ஊர்ப் பெயர்களின் பின்னே நாட்டைக் குறிக்கும் குறி இருக்கும். அடியிலிருந்து இரண்டாவது வரியில் இஸ்ரவேல் என்ற பெயருக்குப் பின்னே மட்டும் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள், கீழே மூன்று கோடுகள்; ஊரில்லாத ஒரு ஜனம் என்று பொருள். அதன் வித்து இல்லாமற்போயிற்று என்று பார்வோன் எழுதிவைத்திருக்கிறான். அந்த இடத்தை மட்டும் கிட்டே நின்று படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா