மாலை 6 மணிக்கு ஐடிஐ கதவைத் திறந்து வையுங்கள்

தமிழ்நாடு அரசின் திறன் மேம்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும், வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு பேர் வேலை செய்கிறார்கள். பைக், ஆட்டோ இன்ஜின்களுக்குப் போகிற வால்வு கைடு, புஷ், சின்ன ஷாஃப்ட், இவைதான் எங்கள் ஜாப். ஒரு பெரிய விஷயத்தை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, பேலையும் மூட்டையையும் கொக்கியால் குத்தி இழுத்து அடுக்க வேண்டும். மேலே இருக்கிற கிரேன் அதைத் தூக்கும். அவருடைய கொக்கிக்கு மரக் கைப்பிடி. கை பட்டுப் பட்டு, எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாசல் நிலை பக்கத்தில் இருந்த ஆணியில் அதை மாட்டிவிட்டுத்தான் கால் கழுவப் போவார்.

1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. எனக்கு அப்போது 10 வயது. சரக்கு பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு வந்தது, கிரேன் பெட்டியோடு தூக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவுடைய கேங்குக்கு வேலை குறைந்தது. வாரத்தில் ஆறு நாள் போனவர் மூன்று நாள் போனார், அப்புறம் ஒரு நாள். கடைசியில் கொக்கி ஆணியிலேயே தங்கிவிட்டது. 40 வயதைக்கூடத் தொடாத மனுஷன், அதற்குப் பிறகு காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினார்.

ரொம்ப வருஷம் கழித்துத்தான் கன்டெய்னரின் கதையைப் படித்தேன். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர், லாரிக் கம்பெனி நடத்தியவர். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சாதாரணமாகச் சரக்கு ஏற்ற அன்றைக்கு டன்னுக்கு 5.86 டாலர் ஆகுமாம். அந்தக் கப்பலில் 16 சென்ட்கூட ஆகவில்லை. இந்தக் கணக்குக்கு முன்னால் எந்த ஊர்த் துறைமுகமும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெட்டி இல்லாமல் இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் இத்தனை தொழிற்சாலைகள் வந்திருக்காது.

என் மனதை அறுப்பது வேறு. 1956க்கும் 1983க்கும் நடுவே 27 வருஷம் இருக்கிறது. இந்தப் பெட்டி ஒரு நாள் இங்கேயும் வந்து சேரும் என்று படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்குக் கூலி கொடுத்த கம்பெனிக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் அவர் கற்றிருப்பார். நல்ல கைராசிக்காரர்.

எல்லாத் திருப்பமும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. அதே வடசென்னையில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 1955ல் நேரு திறந்துவைத்த நாளிலிருந்து 60 வருஷத்துக்கு மேல் அங்கே பெரும்பாலும் ஒரே வகை ரயில் பெட்டியைச் செய்தார்கள். 2018 ஜனவரியில் அந்த வகையின் கடைசிப் பெட்டி வெளியே போனது. பிறகு அதற்குப் பதிலாக எல்எச்பி என்ற புது வகைப் பெட்டிதான். துருப்பிடிக்காத எஃகு, வேறு மாதிரி வெல்டிங். அதே வருஷக் கடைசியில் அங்கிருந்துதான் டிரெயின் 18 வந்தது. நாடு முழுவதும் ஓடுகிற வந்தே பாரத் அதுதான். வெல்டர்கள் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. புது வேலையைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை, உள்ளேயே பயிற்சி நிலையம் என்று நல்ல ஆதரவு இருந்தது உண்மைதான். அந்த ஆதரவைத்தான் எங்களுக்கும் கேட்கிறேன்.

எங்கள் முறை இப்போது வந்திருக்கிறது. 1955ல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் பைக் செய்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். இவற்றைச் சுற்றித்தான் எங்களைப் போன்ற பட்டறைகள் பிழைத்து வந்தன. மின்சார வண்டியில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கிளட்ச் கிடையாது. எங்கள் ஜாப் லிஸ்டில் பாதிக்கு மேல் அதில் இல்லவே இல்லை. மின் வாகனங்களுக்காக அரசு 2023ல் புதுக் கொள்கையையே வெளியிட்டது: 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலைகள் என்று இலக்கு. ஆலைகள் கிருஷ்ணகிரிக்கும் தூத்துக்குடிக்கும் போயிருக்கின்றன. நல்லது, அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிழைக்கட்டும். எங்களிடம் இருக்கிற கைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

என் பட்டறையில் ஒரு டர்னர் இருக்கிறார், 44 வயது. டூல் இரும்பில் படுகிற சத்தத்தை வைத்தே முனை மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். மெஷினை நிறுத்தி, சுருளைத் தட்டிவிட்டு, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். மோட்டார் ஷாஃப்ட்டுக்கும் பேரிங் ஹவுசிங்குக்கும் இதே கை வேண்டும். அவருக்குத் தெரியாதது கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷினின் புரோகிராமும் மோட்டாரின் உள்ளமைப்பும்தான். போன வருஷம் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டார். பகல் வகுப்பு மட்டும்தான் என்றார்கள். பகலில் வகுப்புக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புது மெஷின்களோடு மாற்றி அமைத்திருக்கிறீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவனுக்கும் ஒன்று வேண்டும். அந்த மெஷின்களை மாலை 6லிருந்து 9 வரை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். ஆறு மாதம் போதும். பரீட்சையை எழுத்தில் வைக்காமல் மெஷினில் வையுங்கள், பாடம் தமிழில் இருக்கட்டும். முடித்தவர்களின் பட்டியல் மின் வண்டிக் கம்பெனிகளுக்கு நேராகப் போகட்டும். மானியம் வாங்குகிற கம்பெனி, உதிரிபாகங்களில் ஒரு பங்கை இந்தப் பட்டறைகளிடம் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் சாலை, பள்ளி, மார்க்கெட், விளையாட்டுத் திடல் எல்லாம் வருகின்றன. அந்தப் பட்டியலில் இந்த மாலை வகுப்பையும் ஒரு வரியாகச் சேருங்கள். எங்கள் டர்னர் நேற்றுகூடக் கேட்டார்: “அண்ணே, எங்க போய்க் கத்துக்கறது?” அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு முகவரி வேண்டும். வியாசர்பாடியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருகிற இடமாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்