பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் வீட்டுக் கணினி அடிக்கடி தானாக அணைந்துபோகிறது என்று எழுதிக் கேட்டிருந்த வாசகருக்கு, கணினியின் மூளையான பிராசசரின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து என்றும், பழைய கணினியை மாற்றிவிடுவதே நல்லது என்றும் சென்ற இதழில் பதில் அளித்திருந்தீர்கள். சென்ற மே மாதம் இதே தொல்லையை அனுபவித்தவன் என்ற முறையில், அந்த இரண்டையுமே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 70 டிகிரி. எல்லா பிராசசருக்கும் பொதுவான ஓர் எல்லை கிடையாது. என்னிடமுள்ள இன்டெல் ஐ5-8400-க்கு நிறுவனம் வகுத்த உச்சம் 100 டிகிரி செல்சியஸ். 2022-இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில, முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. உச்சத்தைத் தொட்டவுடன் பிராசசர் எரிந்துவிடுவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்கப் பார்க்கும், அதற்கும் அடங்காதபோதுதான் கணினியை அணைத்துவிடும். பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கைக் கழற்றிய சில நொடிகளில் பிராசசர் புகைந்துபோன, ஏஎம்டியின் பழைய அத்லான் பிராசசர்களின் காலம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

என் கணினி பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் தகராறு செய்யும். காலையில் ஒழுங்காக ஓடும். கடைக்குக் கொண்டுபோனபோது, "சிபியு ரொம்ப சூடாகிறது" என்று நான் சொன்னதைக் கேட்டு கடைக்காரர் பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஒன்றுமில்லை, மதர்போர்டுதான் போயிருக்கும் என்றார். சிபியு என்பது உண்மையில் பிராசசரின் பெயர்; பெட்டி முழுவதையும் சிபியு என்று அழைக்கும் நம் வழக்கத்தால் வந்த குழப்பம் இது. பிராசசரின் சூட்டை அதற்குள்ளேயே இருக்கும் உணரிகளைக் கேட்டால்தான் தெரியும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் காட்டுமே தவிர பிராசசரின் வெப்பத்தைக் காட்டாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருள் போதும்.

அறைக்குள் 38 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில் ஹெச்டபிள்யூஇன்ஃபோவை நிறுவிப் பார்த்தேன். எந்த வேலையும் கொடுக்காதபோதே 63 டிகிரி. வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் மெல்ல ஏறி 100-ஐத் தொட்டது, வேலை செய்கையில் 2.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாத வேகம் 1.6-க்கு இறங்கியது. இந்த எண்களை அறையின் வெப்பத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். விசிறியால் அறைக் காற்றைத்தான் ஊத முடியும் என்பதால், அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். மார்கழியில் மறைந்திருந்த கோளாறு கத்திரியில் வெளியே வருவது இதனால்தான். ஏறும் விதத்தையும் கவனிக்க வேண்டும்: வேலை கொடுத்த சில நொடிகளில் 90-க்குத் தாவினால் ஹீட் சிங்க் சரியாகப் படியவில்லை அல்லது பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்; என்னுடையதுபோல் நிதானமாக ஏறினால் பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் குறை.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்தபோது விசிறி சுத்தமாகத்தான் தெரிந்தது. அதைக் கழற்றிய பிறகுதான், விசிறிக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துணிபோல் படிந்திருந்த தூசு கண்ணில் பட்டது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதினேன். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவுக்குப் புதிதாக வைத்தேன். திரும்ப மாட்டியபின் வெப்பம் முன்னைவிடக் கூடியிருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனேன்! ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்த இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று முழுதாக இறங்கவில்லை. எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, நான்கிலும் 'டக்' என்ற ஓசை கேட்ட பிறகே நிமிர்ந்தேன். கணினி மேசையின் மூடிய அறையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து வைத்ததும் பாதி வைத்தியம்.

அதே 38 டிகிரி அறையில் இப்போது சும்மா இருக்கையில் 47, முழு வேலையில் 79. வெயில் மிகும் நாட்களில் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்கிவிடுகிறேன். வேலை மிகும்போது தானாகக் கூடும் டர்போ வேகம் நின்று, வெப்பம் 68-க்கு இறங்கிவிடுகிறது, மிச்சமிருக்கும் வேகமே என் வேலைக்குத் தாராளம். செலவு பேஸ்ட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் மட்டும்தான்.

ஆகவே, 70 டிகிரி பற்றிய குறிப்பை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கேள்வி கேட்ட அந்த வாசகர் புதுக் கணினிக்கு முன்பணம் கட்டுவதற்குள், பிற்பகல் நேரத்தில் அறையின் வெப்பத்தையும் பிராசசரின் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு தாளில் குறித்துப் பார்க்கும்படி அவருக்குத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
வேலூர்.