நாற்காலியின் காலைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறுவை அறுவடை தொடங்கிவிட்டால், நேரடி கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு இரவு பகலாகக் காத்துக்கிடப்பது டெல்டாவில் வாடிக்கையாகிவிட்டது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும், சாக்கு வர வேண்டும், நம் முறையும் வர வேண்டும். காவல் இருக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ‘கேம்பிங் சேர்’ என்று விற்கும் மடக்கு நாற்காலியை வாங்கித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வண்ணத்தையும் விலையையும் பார்த்து வாங்கினால், ஒரு மழைக்கே அது கோணிக்கொள்ளும். நம் மண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது நாற்காலியின் கால்.

மலிவான நாற்காலிகளில் கால் நுனியில் மாட்டியிருக்கும் மூடியான ‘புஷ்’ இரண்டு ரூபாய் நாணயம் அளவுதான், குறுக்கே சுமார் 25 மி.மீ. அப்படி நான்கு கால் சேர்ந்தாலும் மொத்தப் பரப்பு 20 சதுர செ.மீ.கூடத் தேறாது. 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒரு சதுர செ.மீ. மீது 4 கிலோ இறங்குகிறது. காய்ந்த செம்மண் அதைத் தாங்கும். மழையில் ஊறிய வண்டல் களிமண் தாங்காது. நான்கு காலும் ஒரேபோல் புதைந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கால் மட்டும் இறங்கும்போதுதான் வினை. பாரம் மற்ற கால்களுக்கு மாறி, குறுக்குக் குழாய்களில், அவற்றை இணைக்கும் ரிவிட் ஆணிக்காகத் துளை போட்ட இடத்தில் போய் நிற்கிறது. குழாய் ஏற்கெனவே அங்கேதான் பலவீனம். வளைந்த நாற்காலியை எடுத்துப் பாருங்கள், மடிப்பு பெரும்பாலும் அந்தத் துளையை ஒட்டியே இருக்கும். நிமிர்த்தினாலும் அது பழைய பலத்துக்குத் திரும்பாது. மறுபடி வளையும், இல்லையேல் விரிசல் விடும்.

பாதம் 8 செ.மீ. அகலமாக இருந்தால் அதே பாரம் ஒரு சதுர செ.மீ.க்கு 400 கிராமாகக் குறைந்துவிடுகிறது. அகலப் பாதம் உள்ளதே கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் 12 மி.மீ. பிளைவுட்டில் 15 செ.மீ. அகலத்துக்கு இரண்டு பட்டைகள் அறுத்து, முன்கால் இரண்டுக்கும் ஒன்று, பின்கால் இரண்டுக்கும் ஒன்று எனக் கீழே போடுங்கள். தனித்தனித் துண்டைவிட இது மேல். ஒரு கால் மட்டும் தனியே இறங்காது. எக்காரணம் கொண்டும் நெல் கிடக்கும் தார்ப்பாய் மேல் நாற்காலியைப் போட வேண்டாம். புஷ் தேய்ந்த கால் தார்ப்பாயைக் குத்திவிடும், கீழிருந்து ஈரம் ஏறும், காய வைத்த பாடெல்லாம் வீண்.

அடுத்தது உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 30 செ.மீ. உயரத் தாழ்வு நாற்காலி தண்டனைதான். உட்கார வசதியாக இருக்கும், எழுந்திருக்கும்போது இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். பெரியவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து கொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்த பிறகு நாற்காலியின் முன்விளிம்பு அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது காலி நாற்காலியின் உயரம். ஆள் உட்கார்ந்தால் துணி தொய்ந்து சில செ.மீ. இறங்கும். கைப்பிடி வெறும் துணிப்பட்டையாக இருந்தால் ஊன்றி எழ முடியாது. உள்ளே கம்பியோ பட்டையோ இருக்க வேண்டும்.

துணியில் ‘600 டீனியர்’ என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்பது அதன் பொருள். அதற்குக் குறைந்தது வேண்டாம். ஆனால் துணி கிழிவதைவிடத் தையல் விடுவதே அதிகம். குழாய் நுழையும் நான்கு மூலைகளையும் திருப்பிப் பாருங்கள். அங்கே இரட்டைத் துணி வைத்து, முன்னும் பின்னுமாக நெருக்கித் தைத்திருக்க வேண்டும். நம் புழுக்கத்துக்கு முதுகுப் பக்கம் வலைத்துணி நல்லது, மழை பட்டாலும் சீக்கிரம் காயும். உபயோகம் முடிந்ததும் வெயிலில் விட்டு வைக்காதீர்கள். வெயில் பாலியெஸ்டர் நூலை உளுத்துப்போகச் செய்யும்.

இரும்பா அலுமினியமா என்று காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் துரு ஏறாமலிருக்கப் பவுடர் கோட்டிங் பூசிய இரும்பே போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றுக்கு அலுமினியம் தேவலை. அதிலும் இரும்பு ரிவிட் அடித்திருந்தால், இரண்டும் உரசும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். எதுவானாலும் மழையில் நனைந்தால் புஷ்ஷைக் கழற்றி, தலைகீழாக நிறுத்திக் குழாய்க்குள் தேங்கிய நீரை வடியவிட வேண்டும்.

‘120 கிலோ தாங்கும்’ என்பது அசையாமல் உட்கார்ந்தால்தான். தொப்பென்று உட்கார்ந்தால் அந்தக் கணத்தில் பாரம் பல மடங்கு. ஆளின் எடைக்கு மேல் 30 கிலோவாவது கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் முழுக்க விரித்து, நான்கு காலும் தரை தொடுகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு பிளாஸ்டிக் மூட்டுகளில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் அது விரிசலின் தொடக்கம், வேறு கேளுங்கள்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையோடு கட்டி வைக்காமல் ஒன்றையாவது விரித்து வையுங்கள். உட்காரும் உயரத்தையும் தாங்கும் எடையையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். 16, 19, 22 மி.மீ. குழாய்களுக்கான ரப்பர் புஷ்களைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள். ஒரு புஷ் தொலைந்ததற்காக முழு நாற்காலியையும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியிருக்கிறது.

வாசகர்,
மன்னார்குடி