அவ கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? போர்ட்லாண்ட் பக்கம் இருக்கற தமிழ் அப்பா அம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் இருக்கற நம்ம மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல பாதி பேருக்கு என்னைத் தெரியும், சனிக்கிழமை காலைல மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு கிரவுண்ட் ஓரமா நிக்கற அம்மாக்கள்ல நானும் ஒருத்தி. இந்த மாசம் நம்ம பொண்ணுங்க ஃபுட்பால் டீம்ல இருந்து மூணு பேர் நின்னுட்டாங்க. மூணு பேரும் எட்டாவது முடிச்சு ஒன்பதாவது போறவங்க, மூணு வீட்டுலயும் சொன்ன காரணம் ஒண்ணுதான், இனிமே படிப்பு சீரியஸ்னு. அதுல ஒரு பொண்ணு கடைசி நாள் ப்ராக்டிஸ் முடிஞ்சு என் கார்லதான் வந்தா. ஏறறதுக்கு முன்னாடி ஷூவைக் கழட்டி தட்டினா, டர்ஃப்ல, அந்த செயற்கைப் புல் கிரவுண்ட்ல இருக்குமே அந்தக் குட்டி குட்டி கறுப்பு ரப்பர் மணி, அது பொலபொலன்னு கொட்டுச்சு. "ஆன்ட்டி, இனிமே உங்க கார்ல இது இருக்காது"ன்னா. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, நானும் என்ன சொல்றதுன்னு தெரியாம ஓட்டிக்கிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பர்த்டே பார்ட்டில இதைப் பத்தி பேச்சு வந்துச்சு. அங்க ஒருத்தர் சொன்னாரு, "நம்ம ஊர் பெண்கள் டீம் தார்ன்ஸ்ல ஒரு பொண்ணு 13 வயசுலயே ப்ரோ ஆயிட்டாளே, அந்த மாதிரி வர்றதுன்னா ஆடட்டும், இல்லன்னா எதுக்குங்க டைம் வேஸ்ட்?" சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. எனக்கு அந்த நேரத்துல பதில் வரல. ஆனா அந்தப் பொண்ணு ஒலிவியா மோல்ட்ரி கதையை நானும் என் பொண்ணும் ஆரம்பத்துல இருந்து பார்த்துக்கிட்டு வர்றோம், அவர் சொன்ன மாதிரி அது நடக்கவே இல்ல, அதனாலதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

ஒலிவியா கலிஃபோர்னியாவுல பிறந்து வளர்ந்தவ, 2005 செப்டம்பர்ல பிறந்தா. 11 வயசுலயே நார்த் கரோலினா யுனிவர்சிட்டில சேர்றேன்னு வாக்கு கொடுத்துட்டா, பொண்ணுங்க ஃபுட்பால்ல அதைவிடப் பெரிய காலேஜ் டீம் இந்த நாட்டுல கிடையாது. அதையே விட்டுட்டு 2019ல, 13 வயசுல, நைக்கி கம்பெனியோட ஒப்பந்தம் போட்டா. பணம் வாங்கி ப்ரோ ஆயிட்டா காலேஜ் டீம்ல ஆட முடியாது, அது அன்னிக்கு இருந்த ரூல். ஸ்காலர்ஷிப்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதைக் கையில வச்சுக்கிட்டு வேண்டாம்னு சொன்னா வயித்துல புளியைக் கரைக்கும்ல? எனக்கும் கரைச்சுது. சத்தியமா சொல்றேன், என் பொண்ணு அப்படிக் கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். அவங்க வீட்டுல குடும்பமா மூட்டை கட்டிக்கிட்டு போர்ட்லாண்ட் பக்கம் குடிவந்தாங்க.

பார்ட்டில பேசினவருக்குத் தெரிஞ்சது இது வரைக்கும்தான். இதுக்கு அப்புறம் நடந்ததை யாரும் பேசறதில்ல.

13 வயசுல ப்ரோ ஆனவ அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் மேல தார்ன்ஸ் ஆடற பெண்கள் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல. தார்ன்ஸ் டீமோட சேர்ந்து ப்ராக்டிஸ் பண்ணலாம், ப்ரீசீசன் ஆட்டத்துல இறங்கலாம், ஆனா பாயிண்ட்ஸ் இருக்கற மேட்ச் எதுலயும் ஆட முடியாது, ஏன்னா 18 வயசு ஆகணும்னு அந்த லீக்ல ஒரு ரூல் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அதே டீம்ல இருந்த கனடா வீராங்கனை கிறிஸ்டின் சின்க்ளேர் பக்கத்துல நின்னு பந்து பாஸ் பண்ணுவா. சின்க்ளேர் கனடாவுக்கு முதல் மேட்ச் ஆடினது 2000ல, அப்ப இந்தப் பொண்ணு பிறக்கவே இல்ல, அந்த சின்க்ளேரே அன்னிக்கு 16 வயசுதான். வாரம் பூரா இவங்களுக்கு ஈடு கொடுத்து ஓடிட்டு மேட்ச் அன்னிக்கு மட்டும் கேலரில உக்காந்து பார்க்கணும். ரெண்டு வருஷம்னா அந்த வயசுல சும்மாவா? அவளுக்கு 14 வயசா இருக்கும்போது நம்ம ஆளு யாராவது பார்த்திருந்தா "ப்ரோன்னீங்க, ஒரு மேட்ச் கூட ஆடலையே, டைம் வேஸ்ட்"னுதான் சொல்லியிருப்பாங்க.

2021 மே மாசம் அவ லீக் மேல கேஸ் போட்டா, இங்க ஒரிகன் ஃபெடரல் கோர்ட்லதான். வாதம் ரொம்ப எளிமையானது. ஆம்பளைங்க லீக்ல இந்த வயசு ரூல் கிடையாது, 2004லயே ஃப்ரெடி அடுன்னு ஒரு பையன் 14 வயசுல டி.சி. யுனைடெட்டுக்கு ஆடிட்டான், அப்புறம் பொண்ணுங்களுக்கு மட்டும் பத்து டீமும் ஒண்ணு சேர்ந்து கதவைச் சாத்தினா அது எப்படி நியாயம்? நீதிபதி கேரின் இம்மர்கட் அந்த மாசமே தற்காலிகத் தடை கொடுத்தாங்க, ஜூன்ல அதை உறுதி பண்ணாங்க. பசங்களையும் பொண்ணுங்களையும் வேற வேற மாதிரி நடத்தறதுக்கு லீக் ஒரு சரியான காரணம் கூட காட்டலன்னு தீர்ப்புலயே எழுதினாங்க. அந்த வரியை என் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன், திரும்ப ஒரு தடவை படிங்கம்மான்னா.

ஜூன் 30 தார்ன்ஸ்ல கையெழுத்து, ஜூலை 3 ரேசிங் லூயிவில் கூட முதல் மேட்ச். 15 வருஷம் 289 நாள் வயசு, அது வரைக்கும் லீக்ல அதைவிடச் சின்னப் பொண்ணு ஆடினதே இல்ல. முழு மேட்ச் ஆடினான்னு நினைக்காதீங்க, ஆட்டம் முடியப்போற நேரத்துல சப்ஸ்டிட்யூட்டா இறங்கி கொஞ்ச நிமிஷம் ஓடினா, அவ்ளோதான். அத்தனை போராட்டமும் அந்தக் கொஞ்ச நிமிஷத்துக்கு. முதல் கோல் வர இன்னும் ஒரு வருஷம் ஆச்சு, 2022ல, 16 வயசுல. அந்த வருஷம் தார்ன்ஸ் டீம் லீக் கோப்பையை ஜெயிச்சுது. தேசிய டீமுக்கு முதல் தடவை இறங்கினது 2023 டிசம்பர்ல, 2024 பிப்ரவரில டொமினிக்கன் ரிபப்ளிக் கூட ரெண்டு கோல் போட்டா, அதே வருஷம் ஒலிம்பிக்ஸ் டீம்ல அவ பேர் இல்ல. ஏறியும் இறங்கியும்தான் போச்சு, ஒரு நாள்ல ஜாக்பாட் அடிச்ச கதை இல்ல இது.

இன்னொரு விஷயத்தை மறைச்சுட்டு எழுதினா இந்த லெட்டருக்கு அர்த்தமே இல்ல. உங்கள்ல சில பேருக்கு படிப்பு ஒரு சாக்குதான், உள்ள இருக்கறது பயம். எனக்கும் இருக்கு. ஒலிவியா கையெழுத்து போட்டு சரியா மூணு மாசத்துல, 2021 செப்டம்பர் 30, தார்ன்ஸோட பழைய கோச் பால் ரைலி குடுத்த பாலியல் தொல்லையை சினேட் ஃபாரெலி, மானா ஷிம்னு ரெண்டு வீராங்கனைங்க பேரோட வெளிய வந்து சொன்னாங்க. 2015லயே ஷிம் புகார் கொடுத்தும் அவர் வேற டீமுக்குப் போய் கோச்சாவே இருந்தாரு. அக்டோபர் 6 இங்க ப்ராவிடென்ஸ் பார்க்ல மேட்ச், ஆறாவது நிமிஷத்துல ரெண்டு டீமும் ஆட்டத்தை நிறுத்திட்டு நடுவுல வந்து தோள் மேல தோள் கோத்து வட்டமா நின்னாங்க, அந்தப் புகார் வெளிய வர ஆன ஆறு வருஷத்துக்காக. நான் டிவில பார்த்துக்கிட்டிருந்தேன், பக்கத்துல என் பொண்ணு. ஏன் நிறுத்திட்டாங்கன்னு கேட்டா. அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு முழிச்சேன், ஆனா சொன்னேன்.

அன்னில இருந்து எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. 18 வயசு ரூல் இருந்த லீக்லதான் இது நடந்துச்சு, வெளிய வந்து சொன்ன ரெண்டு பேரும் வளர்ந்த பொண்ணுங்க. பொண்ணை வெளிய நிறுத்தினா அவ பத்திரமா இருப்பான்னு அர்த்தமில்ல, உள்ள விட்டுட்டு நாம கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். இப்ப லீக்லயே சின்னப் பொண்ணுங்களை எடுக்க தனி வழி வச்சிருக்காங்க, 18 ஆகற வரைக்கும் அப்பா அம்மாவோ கார்டியனோ கூடத்தான் இருக்கணும், அவங்க சம்மதம் இல்லாம வேற டீமுக்கு மாத்த முடியாது. அந்த வழிலதான் 2023ல மெலனி பார்செனாஸ் 15 வயசுல சான் டியாகோ டீமுக்கு வந்தா, 2024ல மேக் விட்டம் 13 வயசுல கோத்தம் டீம்ல கையெழுத்து போட்டா. நம்ம குட்டி டீமுக்கும் அதே மாதிரி கேளுங்க. கோச் யாரு, பிள்ளைங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பறாரா, வெளியூர் டோர்னமெண்ட் போனா ரூம்ல யார் யார் கூட தங்கறாங்க? நான் போன சீசன்ல கேட்டேன், ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு, ஆனா பதில் கிடைச்சுது.

உங்க பொண்ணு ஒலிவியா ஆகணும்னு நான் சொல்லவே இல்ல, என் பொண்ணும் ஆகப்போறதில்ல, அவ எங்க டீம்லயே பாதி மேட்ச் பெஞ்ச்தான். ஆனா ப்ராக்டிஸ் இருக்கற நாள்ல தான் ஹோம்வொர்க்கை ஒழுங்கா முடிக்கறா, ராத்திரி படுத்ததும் தூங்கறா, வீட்டுல சிரிக்கறா. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒன்றரை மணி நேரம். அந்த மூணு மணி நேரத்தை எடுத்துட்டா அது அல்ஜீப்ராவுக்குப் போகப்போறதில்ல, ஃபோனுக்குத்தான் போகும், நம்ம எல்லார் வீட்டுலயும் இதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்.

நிறுத்தின மூணு வீட்டுக்கும் நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு சாப்பிடும்போது அவ கிட்ட கேளுங்க, உனக்கு ஆடணுமா வேண்டாமான்னு. வேண்டாம்னு அவ வாயால சொன்னா நான் அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆடணும்னு சொன்னா ரெஜிஸ்ட்ரேஷன் வர்ற வெள்ளி வரைக்கும் திறந்திருக்கு, பணம் கஷ்டம்னா எனக்குத் தனியா சொல்லுங்க, பார்த்துக்கலாம். செவ்வாய், வியாழன் ஆறரை மணிக்கு ப்ராக்டிஸ், கூட்டிட்டுப் போய் கொண்டு வந்து விடறது என் பொறுப்பு, கார்ல மூணு சீட் காலியா இருக்கு. கார் மேட்டை நான் இன்னும் க்ளீன் பண்ணல.