‘1984’ நாவல் வாசிப்பும் கற்பித்தலும்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949 ஜூன் மாதம் வெளிவந்த, மக்களை ஓயாமல் கண்காணிக்கும் ஒரு சர்வாதிகார ஆட்சியைச் சித்திரிக்கும் ‘1984’ நாவலை மாணவர்களுக்குக் கற்பிக்கவிருக்கும் நாம், வகுப்பு தொடங்குவதற்குள் முதல் பாகத்தின் எட்டு இயல்களையும் ஒருமுறை நிதானமாக வாசித்துவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

பாடத்தைக் கண்காணிப்புக் கேமராக்களில் தொடங்குவது எளிது; ஆனால் பேச்சு உடனே கைப்பேசிகளுக்குத் தாவி, நாவல் பின்தங்கிவிடும் என்பதே என் கருத்து. அதைவிட, சாக்லேட் பங்கீடு பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம். நான்காம் இயலில், பங்கீடு குறைக்கப்படாது என்று அரசு முன்பு அளித்திருந்த வாக்குறுதியை, குறைக்க நேரிடலாம் என்ற எச்சரிக்கையாக, பழைய செய்திகளைத் திருத்தும் அரசு ஊழியனான கதைநாயகன் வின்ஸ்டன் தன் கையாலேயே மாற்றி எழுதுகிறான். 30 கிராம் 20 கிராமாகக் குறைகிறது. அடுத்த இயலிலோ, பங்கீட்டை 20 கிராமாக ‘உயர்த்தியதற்கு’ நன்றி தெரிவித்து ஊர்வலங்கள் நடந்ததாகச் செய்தி ஒலிபரப்பாகிறது. உணவகத்தில் அமர்ந்திருப்பவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்து, ‘நேற்றைய எண்ணை நினைவில் வைத்திருப்பவன் அதை எதைக் கொண்டு நிரூபிப்பான்?’ என்று மாணவர்களிடம் கேளுங்கள். விடையை நாம் சொல்லிவிடாமல் பொறுத்திருப்பது மிக முக்கியம்.

மூன்றாம் பாகத்தின் சித்திரவதைக் காட்சிகளைப் பற்றி மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அவற்றை உரக்க வாசிக்கச் சொல்லி எவரையும் வற்புறுத்த வேண்டாம். நாவலின் இறுதியில், அந்த ஆட்சி உருவாக்கிய ‘நியூஸ்பீக்’ மொழியை விளக்கும் பின்னிணைப்பைத் தவிர்க்காதீர்கள். அது முழுவதும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த ஆட்சி வீழ்ந்துவிட்டதா என்ற விவாதத்திற்குத் தனி வகுப்பே தேவைப்படும்.